இரங்கல் உரையில் விட்டுப்போன வீடு

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டு மருதை அண்ணன் எண்பது தாண்டி இறந்தார். வாய்க்காரன் என்று இரங்கல் உரையை என் தலையில் கட்டினார்கள். நோயாளிகளைத் தோளில் சுமந்து பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோனது, சாவு வீடுகளுக்குக் குழி வெட்டியது என்று அவர் சம்பளமில்லாமல் செய்ததையெல்லாம் அடுக்கினேன். “ஊருக்காக வீட்டையே மறந்த மனுசன்” என்று முடித்துவிட்டு, எல்லோரும் அழுவார்கள் என்று பார்த்தேன்.

மூத்த மகள் எழுந்தாள். “எங்கள மறந்தாருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது சித்தப்பா? அம்மா விடிய வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுனப்ப, ரொட்டி சுட்டுக் குடுத்து, எங்களுக்குத் தலை பின்னி பள்ளிக்கூடம் அனுப்புனது நீங்களா?”

அவள் தம்பிகள் சட்டைக் கையை மடித்தார்கள். நான் மைக்கைத் தட்டிப் பார்த்தேன்.

“மைக் கொஞ்சம் சரியில்லம்மா” என்றேன்.

“மைக் நல்லாத்தான் இருக்கு. குடுத்துட்டு ஒக்காருங்க” என்றார் அண்ணி, அழுகையை நிறுத்திவிட்டு.

சவப்பெட்டி தூக்க ஆள் குறையும் என்பதால்தான் அன்று எனக்கு அடி விழவில்லை. இப்போதெல்லாம் மைக்கைத் தொடுமுன் அந்த வீட்டு அடுப்படிக்குப் போய், மனுசன் வீட்டில் என்ன செய்தார் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைத்தான் முதலில் சொல்கிறேன். எதற்கும் வாசலை ஒட்டியே நின்றுகொள்கிறேன்.