ஸ்டார் போட்ட மெஷினும் ஸ்விட்ச் அணைக்கிற ஆளும்

மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன ஸ்விட்சை அணைத்துக்கொண்டு திரிவதும் ஒரு தொழில்தான். வில்லியனூர் பக்கம் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியின் ஆபீஸ் கட்டடத்தில் அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயருக்கு ‘நைட் எலக்ட்ரீஷியன்’. படித்து வாங்கிய பட்டம் எதுவும் கிடையாது. பழுதான மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து, ஷாக் அடித்து அடித்து நானே கற்றுக்கொண்டதுதான். சாயங்காலம் ஆபீஸ் ஆட்கள் பையைத் தூக்கும்போது மடுகரையிலிருந்து வண்டியில் வந்து சேருவேன். காலையில் அவர்கள் பவுடர் பூசிக்கொண்டு உள்ளே வரும்போது நான் கண் எரிய வெளியே போவேன். இரவு வேலை பார்க்கிற சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பகல் ஆட்களுக்கு நாம் ஒரு ஜீவன் இருப்பது தெரிவதே அந்த ஆள் மாறுகிற நேரத்தில்தான். அதுவும் எதையாவது குறை சொல்வதற்கு.

ஸ்டார் வந்தது

கரண்ட் பில்லைப் பார்த்து முதலாளி சத்தம் போட்டார். உடனே மேனேஜர் ஒரு சேல்ஸ்மேனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டை கட்டியிருந்த அந்த மனிதர் ஆபீஸை ஒரு சுற்றுச் சுற்றி, இருப்பதெல்லாம் கரண்ட் குடிக்கிற பிசாசுகள் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே லாரி வந்தது. ஐந்து ஸ்டார் ஒட்டின ஏசி, ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எரியும் லைட், வேலை இல்லாவிட்டால் தானே தூங்கிப்போகும் கம்ப்யூட்டர், எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு பெரிய பிரிண்டர். ஏசி மேல் இருந்த ஸ்டார் ஸ்டிக்கர் உரிந்துவிடக் கூடாது என்று அதன் மேல் செலோடேப் வேறு ஒட்டினார்கள்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த அன்று மாலை மேனேஜர் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். “ஏழுமலை, மூணு பில் வரட்டும். பில் இறங்கிச்சின்னா நைட்டு ஆள் வேணாம்னு முதலாளி சொல்லிட்டாரு. மனசுல வெச்சுக்க” என்றார். என் மகள் நர்சிங் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்த வயதில், ராத்திரி முழித்துப் பழகிப் பகலில் தலை சுற்றுகிற ஒருவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? “சார், எல்லாத்தையும் யார் சார் அணைக்கிறது?” என்றுதான் எனக்குக் கேட்க வந்தது. தன் மூளையை வெகு காலமாகவே தூங்கும் முறையில் வைத்திருக்கிற அந்த மனிதர் சிரித்தார்.

“மெஷினே தூங்கிக்கும்யா. அப்புறம் நீ எதுக்கு முழிச்சிருக்கணும்?”

கண்ணுக்குச் சந்தனம்

புது மெஷின் வந்தால் பூஜை போடாமல் விடுவார்களா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேங்காய் உடைத்தார்கள். பிரிண்டரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அக்கவுண்ட்ஸ் கலைவாணி மேடம் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, சதுரமாக எது தெரிந்தாலும் பொட்டு வைத்துக்கொண்டே போனார். லைட்டுக்கு ஆள் பார்த்துச் சொல்வதற்கென்று சுவரில் ஆங்காங்கே வெள்ளையாக, முட்டைக்கண் மாதிரி ஒன்றை மாட்டியிருந்தார்கள். சந்தனம் மிஞ்சியதோ என்னவோ, அந்தக் கண்ணை முழுக்க மெழுகி நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்.

அன்றைக்கு மாத முடிவு, எல்லாரும் இருட்டின பிறகும் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று அக்கவுண்ட்ஸ் பக்கம் லைட் போய்விட்டது. கையை ஆட்டினார்கள், எழுந்து நின்று ஆட்டினார்கள், ஒருவர் நாற்காலி மேல் ஏறி இரண்டு கையையும் வீசினார். நான் ஏணி போட்டு, சீலிங்கைத் திறந்து, நல்லாயிருந்த ஒயரையெல்லாம் பிரித்துத் திரும்ப முறுக்கி, வேர்த்து ஒழுகிக்கொண்டு இறங்கும்போதுதான் மூக்குக்கு நேரே அந்தச் சந்தனக்காப்பு தெரிந்தது. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனேன். மேடம் பதறிப்போய்க் குறுக்கே வந்து நின்றார்.

“பூஜை பண்ணினதைத் துடைப்பாங்களா? வேணும்னா வேற கண்ணு வாங்கி மாட்டச் சொல்லுங்க!”

எரிகிற ஸ்க்ரீன் பாஸ்கர்

எங்கள் மேனேஜர் கண்ணாடி ரூமில் உட்கார்ந்தபடியே ஆள் எண்ணுவார். தலையை எண்ண மாட்டார், ஸ்க்ரீனை எண்ணுவார். ஸ்க்ரீன் எரிந்தால் ஆள் இருக்கிறான், கறுத்திருந்தால் எங்கோ சுற்றுகிறான். பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை இதில் பிரச்சினை இல்லை, அவை சாகும்வரை எரியும். புதியவை நல்ல பிள்ளைகளாக டீ குடிக்கிற நேரத்துக்குள் தூங்கிவிட்டன. டெஸ்பாட்ச் பாஸ்கர் டீக்குப் போய்விட்டு வந்தபோது, கறுத்த ஸ்க்ரீனுக்கு முன்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளே பாஸ்கர் வழி கண்டுபிடித்துவிட்டான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் மல்லாக்க வைத்து, அதன் மேல் மவுசை வைத்தான். நொடிமுள் ஓட ஓட, மவுசு அசைகிறது என்று ஏமாந்து, மெஷினுக்கு யாரோ வேலை பார்க்கிறார்கள் என்று நினைப்பு. அந்த வாரத்திலேயே ஆபீஸ் முழுக்க ஆளுக்கொரு கடிகாரம் மவுசுக்கு அடியில். சாயங்காலம் நான் வரும்போது காலி நாற்காலிகளுக்கு முன்னால் எல்லா ஸ்க்ரீனும் பளபளவென்று எரியும். நான் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனேன். பாஸ்கர் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தவன், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என்னுத மட்டும் வுட்டுடுண்ணே. அது எரியட்டும், நான் லேட்டா போனேன்னு காலையில ஒரு பேராவது இருக்கும்.”

தூங்க விடாத பிரிண்டர்

அந்தப் பெரிய பிரிண்டர் தூங்கினால் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முனகும், சூடாகும், பிறகுதான் காகிதம் தள்ளும். அதுவரை நிற்க எங்கள் ஆட்களுக்குப் பொறுமை ஏது? ஆளுக்கு ஒருமுறை வெறும் காகிதத்தை அனுப்பி அதை முழித்திருக்க வைத்தார்கள். நாள் முழுக்க அது வெள்ளைத் தாளாகக் கக்கிக்கொண்டே இருந்தது. எதிர்க் கடையிலிருந்து வரும் போண்டாவுக்கு எண்ணெய் ஒற்ற அந்தத் தாள்தான். கரண்டும் போச்சு, காகிதமும் போச்சே என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். போண்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த கலைவாணி மேடம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“தூங்க விட்டுட்டா அப்புறம் எழுப்புறது யாரு, நீங்களா?”

வாசலுக்கு ஏசி

சேல்ஸ்மேன் போகும்போது, ஏசியை இருபத்தஞ்சில் வையுங்கள், கதவைச் சாத்தி வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். மேனேஜர் பதினெட்டில் வைத்தார். கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு பெயிண்ட் டப்பாவை முட்டுக் கொடுத்தார். உள்ளே கலைவாணி மேடம் காதைச் சுற்றிச் சால்வை போர்த்திக்கொண்டு, குளிருக்கு வெந்நீர் குடிக்கக் கரண்ட் கெட்டிலை மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். அவரைப் பார்த்து இன்னும் சில பேர் கெட்டில் கொண்டுவந்தார்கள். ஆக, பாகூர் ஏரியே காய்ந்து வெடிக்கிற சித்திரையில் எங்கள் ஆபீஸ்காரர்கள் நடுங்கிக்கொண்டே வெந்நீர் குடித்தார்கள்.

டப்பாவை நகர்த்திக் கதவைச் சாத்தினேன். மேனேஜர் எழுந்து வந்து திரும்பத் திறந்தார். குளிரெல்லாம் ரோட்டுக்குப் போகிறது சார் என்றேன். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

“போகட்டுமேய்யா! வாசல்லியே ஜில்லுனு அடிச்சாத்தானே இது ஏசி போட்ட ஆபீசுன்னு வர்றவனுக்குத் தெரியும்?”

பழசுக்கும் வாழ்வு

புதியது வந்தால் பழையது காயலான் கடைக்குப் போகும் என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே எதுவும் போகவில்லை. பழைய பிரிண்டர்கள் ‘ஸ்டாண்ட்பை’ என்ற பெயரில் மூலைக்கு மூலை எரிந்துகொண்டிருந்தன. பழைய ஏசியில் ஒன்றைச் சாம்பிள் ரூமில் மாட்டினார்கள். அங்கே இருப்பது அட்டைப்பெட்டிகள்; அவற்றுக்குப் புழுக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது. இன்னொன்று கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அந்தோணியின் தகரக் கூண்டுக்குப் போனது. கூண்டுக்கு ஜன்னல் உண்டு, ஜன்னலுக்குக் கதவு கிடையாது.

அந்தோணி எனக்குப் பழைய சிநேகிதன், அந்த உரிமையில் அவன் ஏசியை அணைக்கப் போனேன். பகல் முழுக்க வெயிலில் நின்று லாரிகளுக்குக் கேட் திறந்து மூடிய முகம் அது. முதுகை ஏசிக்குக் காட்டி உட்கார்ந்திருந்தவன் திரும்பவே இல்லை. எனக்குக் கை வரவில்லை, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. ஜன்னலையாவது அடைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

“உள்ள அட்டப்பொட்டிக்குப் போட்டுக்கீறான், அவன இன்னானு கேளு. அப்புறமா என்னாண்ட வா.”

ஏறினால் நான், இறங்கினால் மெஷின்

முதல் பில் வந்தது. பழசும் புதுசும் சேர்ந்து எரிந்ததில் அது நன்றாகவே ஏறியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், வேலை தப்பித்ததே என்று. அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். முதலாளியிடம் மேனேஜர் போனில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: “மெஷின்ல ஒண்ணும் குறையில்லீங்க. நைட்டு ஆளு சரியா அணைக்கிறதில்ல.” நண்பர்களே, இதற்கு என்ன செய்வீர்கள்? பில் இறங்கினால் நான் வேண்டாதவன், ஏறினால் நான் உருப்படாதவன்.

சரி, எரியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். என்னால் முடியவில்லை. நேர்மை, நாட்டுப்பற்று என்றெல்லாம் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஆள் இல்லாத நாற்காலிகள் வரிசையாக இருக்க, அவற்றின் மேல் வெளிச்சம் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எல்லாரும் செத்துப்போய் நான் மட்டும் மிச்சம் இருப்பது போல இருக்கும். அப்புறம் ஒவ்வொரு நாளும் கடைசி ஆள் படி இறங்கினதும் மெயின் பாக்ஸைத் திறந்து ஒட்டுமொத்தமாக இறக்கிவிட்டேன். காலையில் முதல் ஆள் வருவதற்குள் ஏற்றிவைப்பேன். கடிகாரம், கெட்டில், சாம்பிள் ரூம், ஸ்டாண்ட்பை எல்லாம் கப்சிப். மேனேஜருக்குத் தெரியாது. கேட்டிலிருந்து பார்த்தால் கட்டடமே இருண்டு கிடக்கும் என்பதால் அந்தோணிக்குத் தெரியும், அவன் கூண்டு மட்டும் வேறு லைன். இரண்டாவது பில் இறங்கியது. மூன்றாவது பில் இன்னும் இறங்கியது. அன்று காலை நான் வண்டியை எடுக்கும்போது அந்தோணி கேட்டைத் திறக்காமல் நின்றுகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“தன் வேலைக்குத் தானே ஸ்விட்ச் ஆஃப் போட்டுக்கினவன ஊருல இன்னைக்குத்தான்டா பாக்குறேன்!”

மாடியில் ஒரு பெயர்

முதலாளியும் முதலாளியம்மாவும் ஆபீசுக்கு வந்தார்கள். மெஷின் தேர்ந்தெடுத்த சாமர்த்தியத்துக்காக மேனேஜருக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கு ஜாங்கிரி கொடுத்தார்கள். மேனேஜர் பக்கத்தில் வந்து, இந்த மாசத்தோட போதும் ஏழுமலை என்று காதோடு சொன்னார். மெயின் பாக்ஸை இறக்கின கதையைச் சொல்லலாமா என்று பார்த்தேன். சால்வையோடு நிற்கிற மேனேஜரை விட்டுவிட்டு என்னையா நம்பப்போகிறார்கள்? ஜாங்கிரியைத் தின்றேன். மாதக் கடைசி நாளில் டெஸ்டர், கட்டிங் பிளேயர், மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். மகளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பில் இறங்கின குஷியில் முதலாளி ஒரு காரியம் செய்திருந்தார். கரண்ட்தான் இவ்வளவு மிச்சமாகிறதே என்று, விழுப்புரம் ரோட்டில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் தெரிகிற மாதிரி மொட்டை மாடியில் கம்பெனிப் பெயரை ஆள் உயர எழுத்தில், சிவப்பும் பச்சையுமாக மாட்டச் சொல்லிவிட்டார். அதே கடைசி நாளில் போர்டு மாட்ட வந்தவர், டைமர் வைத்துவிடுகிறேன், பொழுது சாய்ந்தால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும் என்றார். முதலாளியம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “குடும்பத்துப் பேரு எரியறது, விளக்கு வைக்கிற மாதிரி. மெஷினா விளக்கு வைக்கும்? கைகால் கழுவிட்டு ஒரு ஆள் போடணும். வெள்ளிக்கிழமையில சூடம் காட்டிட்டுப் போடணும். விடியறவரைக்கும் எரியணும், அது நடுவுல அணைஞ்சிடாம ஆள் கூடவே இருக்கணும்.” அட்டைப்பெட்டி, சால்வை, ஸ்டார் எதுவும் அந்தம்மா முன்னால் நிற்கவில்லை. எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். தோளில் பையோடு படியில் நின்றிருந்த ஒரே ஆள் நான்தான். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நீயே இருந்துக்கய்யா ஏழுமலை. ராத்திரி பூரா எரியணும், பில்லும் ஏறக்கூடாது, அது உன் பொறுப்பு.”

கரண்டை மிச்சம் பிடித்ததற்காகப் போன வேலை, அந்த மிச்சத்தை மாடியில் ஏற்றிக் கொளுத்துவதற்காக எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. வீட்டில் மட்டும் இதைப் பதவி உயர்வு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.