அஞ்சலை அன்று பேசவில்லை

தூங்கியது நான்தான். வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கினேன். பழியைத் தூக்கி அஞ்சலை மேல் போட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேன் ஓட்டும் வேலை. காலையில் நைனார்பாளையத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவேன். அங்கே அவர்கள் மரவள்ளிக்கிழங்கு பிடுங்குவார்கள். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். மலை வளைவுகளில் தூக்கம் வராது. பயமே கண்ணைத் திறந்து வைத்திருக்கும். கீழே இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி நேர் ரோடு வந்ததும்... அப்போதுதான் பாழாய்ப்போன தூக்கம் வந்து கண்ணைச் சொக்கும்!

முகம் கழுவிப் பார்த்தேன். பச்சை மிளகாயைக் கடித்துப் பார்த்தேன். எதுவும் அவர்களில் ஒருத்தியான அஞ்சலையின் வாய்க்கு ஈடாகவில்லை. அதனால் பெண்களே ஓர் ஏற்பாடு செய்தார்கள். முன் சீட்டு அஞ்சலைக்கு. ஊர் வரும்வரை அவள் எனக்குப் பேச்சுக் கொடுக்க வேண்டும். மாமியார் சண்டை, காணாமல் போன ஆடு, நாத்தனார் எடுத்த புடவை... வாய் ஓயாது. "இன்னாண்ணா, உம்முனு சொல்ல மாட்டியா? தூங்கிட்டியா?" என்று நடுநடுவே அதட்டுவாள். நான் 'உம்' கொட்டுவேன். பின்னால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

அன்று நான் வண்டியை எடுத்திருக்கவே கூடாது. முந்தின இரவு உளுந்தூர்பேட்டைக்கு ஒரு கல்யாணச் சவாரி. பொட்டுத் தூக்கம் இல்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது கண்ணெல்லாம் எரிச்சல்.

"அஞ்சல, கொஞ்ச நேரம் சும்மா வாயேன். தல வலிக்குது" என்றேன்.

"சரிண்ணா" என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

கண் விழித்தபோது வண்டி ஒரு புளியமரத்தில் மோதி நின்றிருந்தது. அவள் பக்கம் அப்படியே நசுங்கியிருந்தது.

பின்னால் இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பி, அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். "இன்னாய்யா ஆச்சி?" என்று ஒருத்தி கத்தினாள். நான் யோசிக்கக்கூட இல்லை. "இது பேசிக்கினே வந்துச்சி... திரும்பிப் பாத்துட்டேன்..." என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அவள் வாய்தான் ஊரறிந்த வாயாயிற்றே!

பிறகாவது திருத்தியிருக்கலாம், இல்லையா? கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கையில் கட்டோடு படுத்திருந்தவள் என்னைத்தான் கேட்டாள். தலையில் பட்ட அடியில் அவளுக்குக் கடைசியில் நடந்தது எதுவும் நினைவில்லை.

"நான் இன்னாண்ணா பேசிக்கினு வந்தேன்?"

"உம் பொண்ணு கல்யாணத்தப் பத்தி..." ஆமாம், அவள் பேசாத பேச்சையும் நானே இட்டுக்கட்டினேன்!

"எல்லாரையும் சாவடிக்கப் பாத்தனே, பாவி" என்று அழுதாள். நான் பக்கத்தில் நின்று ஆறுதல் வேறு சொன்னேன். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று கேட்கிறீர்களா? இருக்கிறேன்.

அவளுடைய இடது முழங்கை இப்போது மடங்குவதில்லை. மற்றவர்கள் பிடுங்கிப் போடும் கிழங்கை ஒரு கையால் பொறுக்கிக் குவிக்கிறாள். வண்டியில் கடைசி சீட்டில் உட்காருகிறாள். முன் சீட்டில் தூக்குவாளிகள் வருகின்றன. "எங்கம்மா வூட்டுல கூட வாயத் தொறக்கறதில்ல" என்று அவள் மகள் ஒருநாள் என்னிடமே வந்து குறைப்பட்டாள்.

போன வாரம் அதே நேர் ரோட்டில் மறுபடியும் கண் சொக்கியது. பயந்து போனேன். பின்னால் அத்தனை உயிர்!

"அஞ்சல... முன்னாடி வந்து எதனா பேசேன்" என்று குரல் கொடுத்தேன்.

"வேணாண்ணா. ஒரு வாட்டி பேசனதே போதும்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் நாளைக்கு எவள் என் வண்டியில் ஏறுவாள்? திறந்த வாயில் ஒரு பச்சை மிளகாயைப் போட்டுக் கடித்தேன்.

"நான் வாயே தொறக்க மாட்டேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டுண்ணா" என்றாள்.

'உம்' என்றேன்.