‘ஏங்க’ என்றதும் திரும்பிய கிறிஸ்மஸ் தாத்தா

கிறிஸ்மஸ் தாத்தாவைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? நான் பயப்படுவேன். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, கடையில் சிவப்பு வெல்வெட் துணியைக் கண்டாலே அடுத்த கவுண்டருக்கு நகர்ந்துவிடுகிறேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். என் வீட்டுக்காரர் சாலமனுக்கு ஆகஸ்ட் மாதம் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வலி வந்த அன்று என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? “ஒண்ணுமில்ல, கேஸ்.” சொல்லிவிட்டு ஒரு சோடாவைக் குடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது என் கண்ணில் பட்டதால் பிழைத்தார். அன்றிலிருந்து அவர் இருமினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தூங்கும்போது மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள்... உங்களில் எத்தனை பேர் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்த மனுஷன்தான் வருஷக்கணக்காக எங்கள் சர்ச் கேரல்ஸ் குரூப்பின் கிறிஸ்மஸ் தாத்தா. டிசம்பர் வந்தால் ராஜா அண்ணாமலைபுரம், மந்தைவெளிப் பக்கமெல்லாம் ஒரு வேனில் வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். இவர் வெல்வெட் அங்கி, பஞ்சுத் தாடி, ரோஸ் கலர் பிளாஸ்டிக் முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு டிரம்ஸுக்கு ஆடுவார். சும்மா இல்லை, வேர்க்க விறுவிறுக்க ஆட வேண்டும். ஆடாத தாத்தாவை நம் ஊர்க் குழந்தைகள் தாத்தாவாகவே ஒத்துக்கொள்வதில்லை.

இந்த வருஷம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கி கிடார் வாசிக்கும் தாமஸுக்குக் கைமாறியது. “நான் வேன்ல உக்காந்து பாடறதோட சரி. ப்ராமிஸ்” என்று என் தலையில் கைவைத்துச் சொன்னார் இவர்.

நம்பினேனா? நானும் வேனில் ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

மந்தைவெளியில் ஒரு ஃப்ளாட்ஸ் வாசலில் எல்லாருக்கும் காபி கொடுத்தார்கள். இறங்கிப் போய் டம்ளரைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன் — சீட் காலி. தாமஸ் பேன்ட் சட்டையோடு கிடாரை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அப்படியானால் அங்கி யார் மேல் இருக்கிறது?

“அண்ணன்தான்க்கா... ஒரே ஒரு பாட்டுக்குன்னு கெஞ்சி வாங்கிக்கிட்டாரு” என்று தாமஸ் தலையைச் சொறிந்தார்.

அதே நேரம் தெருமுனையில் டிரம்ஸ் சத்தம். பட்டினப்பாக்கம் பக்கத்திலிருந்து வேறு ஒரு சர்ச் கேரல்ஸ் குரூப் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் சிலர் அவர்களோடு போய்க் கலந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு நடுவில் தாத்தா ஆடிக்கொண்டிருந்தார். அதே உயரம், அதே தொப்பை, இடது காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற அதே ஆட்டம்.

“ஏங்க!” என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து இவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு அந்த ‘ஏங்க’தான் புருஷன் பேர். தாத்தா உடனே திரும்பினார். ஜாலியாகக் கையை ஆட்டினார். மறுபடியும் ஆட ஆரம்பித்தார்.

கொழுப்பைப் பாருங்கள்!

கூட்டத்தை இடித்துக்கொண்டு போனேன். “ஏங்க, போதுங்க! கழட்டுங்க அதை!” நானும் நிகழ்ச்சியில் ஒரு பார்ட் என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் அவருடைய கை நெஞ்சுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. தள்ளாடிக்கொண்டே ஒரு வீட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். டிரம்ஸ் நிற்கவில்லை. தாத்தா நடிக்கிறார் என்று குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. முகமூடியும் சிரித்துக்கொண்டேதான் இருந்தது. அந்த ரோஸ் கலர் சிரிப்புக்குள்ளே மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றேனே... கர்த்தாவே, அந்த நிமிஷம் என் விரோதிக்கும் வரக் கூடாது.

முகமூடியைப் பிடுங்கினேன்.

வேறு யாரோ!

நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். உதடு வெளுத்து, முகமெல்லாம் வியர்வை. அந்தக் குரூப்புக்கும் ஒரு தாத்தா இருப்பார் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? பயத்தில் எதுதான் தோன்றுகிறது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் ‘அப்பாடா, இவர் இல்லை’ என்றுதான் இருந்தது. அதற்குள் அவர் வாயைத் திறந்தார்.

“ஒண்ணியும் இல்லக்கா... கேஸு. சோடா குட்ச்சா சரியாப் பூடும்.”

அப்பாடா போன இடம் தெரியவில்லை. இந்த வசனம் எனக்குத் தெரியுமே! ஹார்ட் அட்டாக்குக்கு ஆண்கள் வைத்திருக்கிற செல்லப் பேர்தானே கேஸ்?

“கை வலிக்குதா?”

“லைட்டாக்கா. காத்தாலேர்ந்தே கீது. வூட்ல சொல்லிடாத... அது பயந்துக்கும்.”

வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு மாமி வந்தார். “என்னாச்சு? உங்காத்துக்காரரா?”

“யாருன்னே தெரியாது மாமி! ஆட்டோ வேணும்!”

மாமி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நடுத்தெருவில் போய் நின்று, வந்த ஆட்டோவை மறித்துவிட்டார். தாத்தாவைப் பிடித்து ஏற்றி நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தவர் விஷயம் புரிந்து ஓடிவந்து டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். “மரியதாஸண்ணே, கண்ணத் தொறண்ணே!” அவர் போனில் மரியதாஸின் மனைவியைக் கூப்பிட்டார். நான் என் போனில் சாலமனைக் கூப்பிட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடியும் ரிங் போனது, எடுக்கவில்லை. மரியதாஸின் கை என் கைக்குள் சில்லென்று கிடந்தது. வாய்விட்டு ஜெபம் பண்ணினேன். யாருக்காக? பக்கத்தில் இருக்கிறவருக்கா, எங்கே ஆடுகிறாரோ என்று தெரியாத என் ஆளுக்கா? எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மரியதாஸை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். அப்போது வாசலில் இன்னொரு தாத்தா, ஓட்டமாக! “இன்னாம்மா இது, இன்னிக்குத் தாத்தாவா வந்துகினு கீறாங்க?” என்றார் செக்யூரிட்டி.

முகமூடியைத் தலைமேல் தள்ளிவிட்டுக்கொண்டு என் எதிரே வந்து நின்றார் சாலமன். மூச்சு வாங்கியது. “மாடிக் குழந்தைகளுக்கு சாக்லேட் குடுத்துட்டு எறங்கி வந்தா உன்னக் காணோம். ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டேங்கறாங்க... உனக்குத்தான் என்னமோன்னு நெனச்சேன். பயந்துட்டேன்டி.” போன்? அங்கிக்குள்ளே சட்டைப் பையில் இருந்ததாம்.

“நல்லா பயப்படுங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல், “ஏங்க!”

ஒரு பெண் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து, சிவப்பு அங்கியைப் பார்த்ததும் சாலமனைப் பின்னாலிருந்து அப்படியே கட்டிக்கொண்டாள். “நல்லாத்தான் கீறியா? இன்னாமோ சொன்னாங்களே! மாதாவே, நல்லாத்தான் கீது!” என்று அழுதாள்.

சாலமன் மெதுவாகத் திரும்பினார்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியதை என்னால் எழுத முடியாது. நான் முகமூடியைப் பிடுங்கியபோது என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைத்தார். இவர் திரும்பியபோது அவளுடைய புருஷன் அவள் கையைவிட்டுப் போனார். ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வெளியே வந்து “அடைப்பு எடுத்தாச்சு, தேறிடுவார்” என்று சொல்லும்வரை இரண்டு பேரும் கையை விடவில்லை. காலையிலிருந்தே வலி இருந்ததை நான் சொன்னதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: “காத்தாலயே ஏங்கா சொல்லல?”

நீ பயப்படுவாய் என்றுதானம்மா. நம்மைப் பயமுறுத்தக் கூடாது என்று எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். எதை மறைக்கிறார்களோ என்றே நமக்கு ஆயுசு பூராவும் பயம்.

வந்ததுதான் வந்தோம் என்று அங்கியோடு சாலமனுக்கும் ஒரு ஈசிஜி எடுக்கவைத்தேன். நார்மல். வீட்டுக்கு வந்தபின் நான் பேசியது அவ்வளவு நார்மல் இல்லை. இரண்டு முகமூடியும் இப்போது என் பீரோவில் இருக்கின்றன.

கிறிஸ்மஸ் அன்று காலை ஆராதனை. மேய்ப்பர்களிடம் வந்த தேவதூதன் எடுத்த எடுப்பில் பயப்பட வேண்டாம் என்றுதான் சொன்னான் என்று ஆயர் பிரசங்கம் செய்தார். ‘கேட்டியா?’ என்பதுபோல் முழங்கையால் என்னை இடித்தார் சாலமன்.

கேட்டேன். தேவதூதனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.