குழலில் வைத்த கண்

ஓசூரில் நான் லேத் பட்டறை வைத்திருந்தபோது, சுடும் போட்டிக்குப் போகும் வக்கீல் ஒருவர் பிஸ்டலோடு வந்தார். அதன் மேலே குறிபார்க்கும் இரும்புத்துண்டு கால் நூல், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, விலகியிருந்தது. சுத்தியல் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அதைத் தள்ளுவதற்கென்றே திருகு வைத்த கிளாம்ப் ஒன்று செய்தேன்.

“மேகசினக் கழட்டிட்டேன், காலிதான்,” என்று தோட்டா அடுக்கும் அந்தப் பெட்டியைக் காட்டினார் வக்கீல்.

திருகத் திருக இம்மி இம்மியாக நகர்ந்து நேரானது. பிறகு, லேத்தில் துளைபோட்ட எந்த இரும்பு ஜாபையும் பார்ப்பதுபோல, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் குழலில் கண்ணை வைத்தேன். ஒரே இருட்டு. அடைப்போ என்று இன்னும் நெருங்கினேன்.

“கண்ண எடுண்ணா!” கூட வேலை செய்யும் பாஷா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

வக்கீல் பிஸ்டலை வாங்கி மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தார். முன்பே குழலில் ஏறியிருந்த தோட்டா ஒன்று மேஜையில் விழுந்து உருண்டது.

வரைபடத்து அளவைக்கூட நம்பாமல் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்ப்பவன் நான். அந்தக் ‘காலிதான்’ ஒன்றைத்தான் சரிபார்க்காமல் விட்டேன்.