ஊசிக்காரம்மாவின் பூட்டு

காலை பதினொன்று இருபதுக்கு யுவராஜ் ஜீப்பிலிருந்து போன் செய்தான். செம்மேடு ஆஸ்பத்திரிக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கும்போதே அத்தாயி அம்மாவின் மூச்சு நின்றுவிட்டது என்றான். நான் புதுச் சுகாதார நிலையத்தின் முன்னால் நின்றிருந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

எங்கள் மலை ஊராட்சியான குண்டூர் நாட்டில் அத்தாயி அம்மாவை யாரும் தலைவர் என்று கூப்பிட்டதில்லை. ஊசிக்காரம்மாதான். முப்பத்தோரு வருடம் கிராம சுகாதாரச் செவிலியர். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் நடந்தவர். ஓய்வு பெற்றதும் ஊராட்சித் தேர்தலில் நின்றார். "இங்கயே ஒரு ஆஸ்பத்திரி கொண்டாந்துடறேனுங்க" என்று மட்டும் சொன்னார். ஜெயித்தார். நான் அவருடைய ஊராட்சிச் செயலர்.

முதல் வருடம், கட்சிப் பிரமுகர் வருவதற்குள் ஒரு குடிநீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். பெண்கள் குடத்தோடு காத்து நின்றார்கள், அதனால். பிரமுகர் அதை மறக்கவில்லை. சுகாதார நிலையத்தின் கோப்பு இரண்டு வருடம் நகரவில்லை. அத்தாயி அம்மா மலையிறங்கிப் போய், பிரமுகரின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகே கட்டடம் எழுந்தது.

கட்டி முடித்து எட்டு மாதம். மருந்து வந்தது, ஆக்சிஜன் வந்தது, ஹேமலதா என்ற நர்ஸும் வந்தாள். திறப்பு விழாவுக்குப் பிரமுகர் தேதி மட்டும் தரவில்லை. ஹேமலதா பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து மாத்திரை கொடுத்தாள். மூச்சுத் திணறிய தன் தாயை ஊர்க்காரன் யுவராஜ் தூக்கி வந்தபோதும் கதவு திறக்கவில்லை.

"செம்மேட்டுக்குக் கொண்டு போ சாமி. இப்பத் தொறந்தா நர்ஸையும் திருப்பி எடுத்துக்குவாங்க" என்றார் அத்தாயி அம்மா.

"ஊசிக்காரம்மான்னு ஓட்டுப் போட்டோமுங்க. பூட்டுக்காரம்மா ஆயிட்டீங்க" என்றான் யுவராஜ்.

தாய் பிழைத்துக்கொண்டாள். அந்தப் பெயர் ஊரில் நிலைத்துவிட்டது.

பூட்டிய கட்டடத்தில், கதவுக்கு மேலே மலைத்தேனீ கூடு கட்டியது. எடுத்துவிடலாம் என்றேன். "தானா வந்து கட்டுனத வளர்பிறையில கலைக்கக் கூடாது கண்ணு. அமாவாசை வரட்டும்" என்றார். ஊரும் அதையேதான் சொன்னது.

கடைசியில் தேதி வந்தது; விழா வளர்பிறையிலேயே வைக்கப்பட்டது. முந்தின நாள் காலை, கீழிருந்து பேனர் கட்ட வந்தவர்கள் ஒரு சரம் வெடியைக் கொளுத்திப் பார்த்தார்கள். அத்தாயி அம்மா கதவருகே ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார். வெடிச் சத்தத்தில் கூடு கலைந்து தேனீக்கள் அவர்மேல் மொய்த்தன.

ரோட்டுக்கு இழுத்து வந்து கிடத்தும்போதே அவர் முகம் வீங்கி, கண் மூடிப்போயிருந்தது.

"ஏனுங்க சார், உசுரக் காப்பாத்தற ஊசி உள்ளதான் இருக்குது. போர்வையப் போத்திக்கிட்டு ஓடிருவேன், சாவியக் குடுங்க!" என்று ஹேமலதா கத்தினாள்.

நான் அத்தாயி அம்மாவைப் பார்த்தேன். அதே ஊசியை முப்பத்தோரு வருடம் பெட்டியில் சுமந்தவர். எத்தனை நிமிடம் இருக்கிறது என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நாளைக்கு... அவரு வந்து..."

நான் சாவியைக் கொடுக்கவில்லை.

"இப்பவாச்சும் தொறக்கச் சொல்லேன், பூட்டுக்காரம்மா!" என்று அழுதுகொண்டே யுவராஜ் அவரைத் தூக்கி ஜீப்பில் போட்டான்.

இழவு விழுந்த இடத்தில் உடனே விழா வேண்டாம் என்று பிரமுகர் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார். பிரமுகர் வெட்டும் முன் அறுந்துவிடக் கூடாதென்று நாங்கள் பயந்த ரிப்பன் இடப்பக்கக் கைப்பிடியில் தொங்குகிறது. வலப்பக்க முனையை அத்தாயி அம்மா கட்டி முடித்திருக்கவில்லை.