கூடைக்கு வெளியே ஒரு போன்

எங்கள் கல்முனைக்குடியில் மணப்பெண்ணை அலங்கரித்துச் சோடிக்கிற அறைக்குள் போகும் பெண்கள், வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் கூடையில் போனைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முக்காடில்லாமல் இருக்கிற பிள்ளையின் படம் வெளியே போய்விடக் கூடாதே! உம்மாவோ மாமியோ, யாருக்கும் விலக்கில்லை. சோடிக்கிற ஹாஜறா ராத்தா ஒருவருக்கு மட்டும் விலக்கு.

படமும் அவர் போனில்தான் பிடிப்பார். பெண்ணுக்கு அனுப்பிவிட்டு, அவள் கண் முன்னாலேயே போனிலிருந்து அழித்துவிடுவார். ஊரே கண்ணை மூடிக்கொண்டு நம்பியது. புருசன் மௌத்தாகித் தனியாளான பிறகு அந்த நம்பிக்கைதான் அவருக்குச் சோறு போட்டது.

ஆனால் இந்தப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்களே! போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு, மாப்பிள்ளை கட்டாருக்குப் போன பிறகு, “ராத்தா, என்ட கலியாணப் படம் ஒண்டாவது கிடக்குமா?” என்று அழுதுகொண்டு வருவார்கள். ராத்தாவுக்கோ இளகிய மனம். அதனால் அழிப்பதற்கு முன் எல்லாப் படங்களையும் தன் ஈமெயில் கணக்கில் ஏற்றி வைக்கத் தொடங்கினார். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டு வந்தவளுக்கு, “ஒண்டு தப்பிக் கிடந்திச்சிகா” என்று கொடுப்பார்.

போன வருசம், அவர் மேக்கப் சாமான் வாங்குகிற ஆன்லைன் கடையிலிருந்து ஒரு செய்தி வந்தது. யாரோ உள்ளே புகுந்து வாடிக்கையாளர்களின் விவரங்களைத் திருடிவிட்டார்களாம். பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதையே வேறு எங்காவது போட்டிருந்தால் அங்கேயும் மாற்றுங்கள் என்றிருந்தது. கலியாணக் காலம், ராத்தாவுக்குத் தலைக்கு மேல் வேலை. கடைக் கணக்கில் மட்டும் மாற்றினார்.

“என்ட பவுடரையும் லிப்ஸ்டிக்கையும் பாத்து அவனுகள் என்னத்தக் கிழிக்கப் போறானுகள்?” என்று என்னிடம் சிரித்தார்.

ஈமெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட்தான். அட, அதை ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா!

பிறகு ஒரு நாள், ராத்தா சோடித்த நற்பிட்டிமுனை ஜுனைதாவின் படம் பேஸ்புக்கில் வந்தது. கண்ணைத் தவிர வேறெதையும் வெளியே காட்டாத பிள்ளை அவள். கூந்தலை விரித்துப்போட்டு, கழுத்துத் தெரிய, ஊர் பேர் தெரியாத யாரோ நடத்துகிற பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ராத்தாவும் நானும் போன் கடை றிம்சானிடம் ஓடினோம். கடையில் திருடிய பாஸ்வேர்டை வைத்தே ராத்தாவின் ஈமெயிலுக்குள் புகுந்திருக்கிறார்கள் என்றான். கணக்குகள் எல்லாவற்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட் போட்டுக்கொடுத்தான். புதிதாக யார் நுழையப் பார்த்தாலும் ராத்தாவின் போனுக்கு வருகிற இலக்கத்தைக் கேட்கும்படி செய்தான். பேஸ்புக்குக்கு முறைப்பாடு போட்டு அந்தப் படத்தையும் நீக்க வைத்தான். அதற்குள் ஊரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள்.

“இத அண்டைக்கே செஞ்சிருந்தா ஒண்டும் நடந்திரிக்காது ராத்தா” என்றான். அவனை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. சொன்னது உண்மை, அதுதான் கோபம்.

ஜுனைதா வீட்டுக்கு நானும் கூடப் போனேன். ஏச்சு விழும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனோம். அந்தப் பிள்ளை ஏசவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

“எனக்கு முன்னுக்குத்தானே ராத்தா அழிச்சீங்க?”

“உங்களுக்காகத்தான் புள்ள வெச்சிருந்தன். பிறகு கேட்டு வந்தா குடுக்கலாமெண்டு.”

“நான் கேக்கல்லியே ராத்தா.”

ராத்தா அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. வரும் வழியெல்லாம் அழுதார். கணக்கில் இருந்த எல்லாப் படங்களையும் அன்றே அழித்தார். அதற்குப் பிறகு பெண் சோடிக்க ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

போன மாதம் என் தங்கச்சி மகளின் கலியாணம். ராத்தா விருந்தாளியாக வந்திருந்தார். சோடித்தது அக்கரைப்பற்றிலிருந்து வந்த வேறொருத்தி. கூடையோடு வாசலில் நின்ற பிள்ளை, ராத்தாவைக் கண்டதும் பழைய பழக்கத்தில் கூடையை ஒரு பக்கமாக விலக்கினாள்.

“இந்தா மகள், என்டதும்” என்று ராத்தாவே போனை அதற்குள் வைத்தார்.

அறை நிறையப் பெண்கள். பாதிப் பேர் அவர் கையால் சோடிக்கப்பட்டு மணப்பெண்ணாக இருந்தவர்கள். “உங்களுக்கு எதுக்கு ராத்தா?” என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.