வெள்ளைச் சேலைப் பயிற்சி

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. அப்பா முன்பே இறந்துவிட்டார். நான் ராசிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாமக்கல்லில் லாரி வைத்திருந்த அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "வேலைய உட்டுட்டு அம்மாவப் பாரு. பொம்பளப் புள்ளைக்குத் தெரியாததா?" என்றான். எனக்கு எதுவும் தெரியாது. வேலையையும் விடமாட்டேன் என்றேன். அதோடு அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒருவர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்பி வந்தார். போய்ப் பார்த்தேன்.

"பயிற்சி குடுத்த ஆளுங்களா?"

"எல்லாரும் கைதேர்ந்தவங்கம்மா. பயமே வேண்டாம்."

மறுநாள் காலை ஓர் அக்கா வந்தார். சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற ஊர். புருஷன் இறந்தபின் தறி வேலை கட்டுப்படியாகாமல் இதில் சேர்ந்தவர். கட்டியிருந்த வெள்ளைச் சேலையில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. அதைப் பார்த்தே எனக்கு நிம்மதி வந்தது. நர்ஸ் மாதிரி இருந்தாரே!

மூன்றாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மாவை உட்கார வைக்க, அந்த அக்கா அம்மாவின் விழுந்த கையைப் பிடித்து ஓங்கி இழுத்தார். அம்மா அலறினாள். வார்த்தை இல்லாத அலறல். ஓடிப் போனால், தோள்பட்டைக்குக் கீழே ஒரு பள்ளம். கை துணி மாதிரி தொங்கியது.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கத்தினேன்.

அவர் தலை குனியவில்லை. "தூக்கி உக்கார வெச்சனுங்க அம்மிணி. எப்படித் தூக்கறதுன்னு எனக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தாங்க? சேலையக் குடுத்தாங்க, பஸ் ஏத்தி உட்டாங்க."

என் கோபம் அந்த இடத்திலேயே ஆள் மாறியது.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் தோள் மூட்டைச் சேர்த்துக் கட்டிவிட்ட டாக்டர் சலித்துக்கொண்டார். "விழுந்த கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாதும்மா. தசையில பிடிமானம் இல்ல, மூட்டு கழண்டுரும்."

"பக்கவாதத்துக்கு இங்கதான பாத்தோம், வீட்டுக்கு அனுப்பறப்ப இதச் சொல்லியிருக்கலாமுங்களே சார்?"

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அம்மாவை வார்டில் சேர்த்துவிட்டு, அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு அஸ்தம்பட்டிக்குப் போனேன். அந்த மனிதர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்து, "நாளைலருந்து வர வேண்டாம்" என்றார். என்னிடம், "வேற ஆள் அனுப்பறம்மா" என்றார்.

"அந்த ஆளுக்காவது சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

"படுத்த கெழவியப் பாக்கறதுக்குப் பரீட்சையா எழுதுவாங்க?"

"எங்க ஊர்ல லாரி ஸ்டியரிங்கத் தொடறதுக்கு முன்னால கிளீனரா வருசக்கணக்குல வண்டியோட கெடக்கணும். அப்புறம் லைசென்ஸ் வேணும். எங்கம்மாளத் தொடறதுக்கு ஒரு சேலை போதுமா?"

குரல் தெருவரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றே கத்தினேன். அவர் ஃபேன் வேகத்தைக் கூட்டி வைத்தார்.

அந்த அக்காவை நானே வேலைக்கு வைத்துக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம் என்று அண்ணன் ஆள் மூலம் சொல்லியனுப்பினான். அம்மா வார்டில் இருந்தவரை, அங்கிருந்த நர்ஸம்மாவிடம் நாங்கள் இருவரும் கெஞ்சிக் கற்றுக்கொண்டோம்: இடுப்பைத் தாங்கித் தூக்குவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, சாய்த்து உட்கார வைத்துக் கஞ்சி கொடுப்பது. ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதல் நாளே யாராவது காட்டியிருந்தால் அம்மாவின் தோள் தப்பியிருக்கும். அதை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

அம்மா நான்கு வருஷம் இருந்தாள். முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. தோள் மட்டும் கடைசிவரை சரியாகச் சேரவே இல்லை. ரவிக்கை மாட்டும்போதெல்லாம் முகம் கோணும்.

அவள் போனபின், அக்கா சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டுப் போனார். நானும் கூடப் போய், நான்கு வருஷத்தையும் எடுத்துச் சொன்னேன்.

"சர்ட்டிபிகேட் இருக்குதா?" என்றார் மேனேஜர்.

எங்கே போய் வாங்குவது? எட்டாவது படித்த பெண்ணுக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்துக் கையில் ஒரு தாள் தரும் இடம், நாங்கள் விசாரித்தவரை இந்தப் பக்கம் எங்கேயும் இல்லை. கூட்டுகிற வேலை வேண்டுமானால் இருக்கிறது என்றார்கள்.

வெளியே வந்து அஸ்தம்பட்டி வழியாக நடந்தோம். அந்த மனிதர் மாடி எடுத்துக் கட்டியிருந்தார். வாசலில் புதுப் பலகை: 'பயிற்சி பெற்ற பணிப்பெண்கள் கிடைப்பார்கள்.'

"பயிற்சி எங்க குடுக்கறாங்கன்னு உள்ள போயிக் கேக்கலாமுங்களா அம்மிணி?" என்றார் அக்கா.

போனோம். மேஜைக்குப் பின்னால் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார்; முன்னால் ஒரு சின்னப் பெண், கையில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலையோடு நின்றிருந்தாள். அக்கா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் போனார்.

"கண்ணு, விழுந்த கையப் புடிச்சுத் தூக்கிராத," என்றார்.